மற்றவர்களுக்கு 3 ரூபாய்

1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழின் சந்தா விவரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அரசாங்கங்களுக்கு 50 ரூபாய். ஜமீன்தார்கள், ராஜாக்கள், பிரபுக்களுக்கு 30. மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15. மற்றவர்களுக்கு 3.

பாரதி ஆசிரியராக இருந்த இதழ் அது. வாசகரின் வசதியைப் பார்த்து விலை வைத்தது. செய்தி நிறுவனங்கள் இன்று ‘உறுப்பினர் திட்டம்’ என்று பேசுவதற்கு நம் மொழியில் இப்படியொரு முன்கதை இருக்கிறது. லண்டனின் ‘கார்டியன்’ 2014இல் மூன்று படிகளில் உறுப்பினர் சேர்த்தது. அதற்கு ஓராண்டு முன்பே நெதர்லாந்தில் ‘டி கரஸ்பாண்டன்ட்’, இதழ் வெளிவருமுன்னரே ஏறக்குறைய 19,000 பேரிடம் பணம் திரட்டிவிட்டது. விளம்பரதாரரை நம்பாமல் வாசகரை நம்பிப் பத்திரிகை நடத்துவது எப்படி என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி.

நெரவியிலிருந்து வரும் ஒரு மாணவி பலகையைப் பார்த்துக் கேட்டாள்: “மேடம், இதுல பொம்பளைங்க எந்த வரிசை?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. வருமானத்தை வைத்துப் பிரித்தால் வீட்டுப் பெண் ‘மற்றவர்க’ளில்தான் வருவாள். அந்த 3 ரூபாயும் அவள் கையில் இருந்திருக்குமா? எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்த வார இதழின் மேலுறையில் தாத்தாவின் பெயர் இருக்கும். முதலில் பிரிப்பவரும் அவர்தான். கடைசிப் பக்கம்வரை படித்தது அப்பாயி. எந்தச் சந்தாப் பதிவேட்டிலும் அப்பாயி இல்லை. பதிவேட்டை மட்டும் பார்த்து வாசிப்பின் வரலாற்றை எழுதினால் அவர் படிக்காதவர் ஆகிவிடுவார்.

பெண்களை வாசகராகக் கருதிய இதழ்கள் அப்போதும் இருந்தன. 1905இல் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’ பெண்களுக்கான மாத இதழ். அதற்கும் பாரதி ஆசிரியராக இருந்தார். 1925இல் வை.மு. கோதைநாயகி ‘ஜகன்மோகினி’யை ஏற்றார். பள்ளிக்கூடம் போகாத அவர், தன் நாவல்களைத் தொடராக வெளியிட்டே வாசகியரைத் தக்கவைத்தார். அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வைத்ததுதான் அவருடைய உறுப்பினர் திட்டம்.

வாசகரை நம்பும் இதழுக்கு வாசகரிடம் போய்ச்சேரும் வழியும் வேண்டும். கைது அச்சத்தால் ‘இந்தியா’ 1908இல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அச்சகம் பிழைத்தது. ஆனால் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தார்கள். அங்கே இதழ் நுழையத் தடை வந்தது. 1910இல் ‘இந்தியா’ நின்றது. காரைக்காலும் நெரவியும் அன்று புதுச்சேரியைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. ஆனால் இரண்டுக்கும் நடுவே கிடந்தது பிரிட்டிஷ் நிலம். வெட்டுவதற்குத் தபால் வழி ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் அதே மாணவி, “எனக்கும் அப்படித்தான் மேடம். என் போனுக்கு அண்ணன்தான் ரீசார்ஜ் பண்ணுது. நான் எதுக்குப் பணம் கட்டினாலும் அதோட போனுக்கு மெசேஜ் போயிடும்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

குடும்ப வன்முறை பற்றியோ சாதி மாறிய காதல் பற்றியோ எழுதும் ஒரு செய்தித்தளத்துக்கு அவள் மாதம் 50 ரூபாய் கட்ட நினைத்தால், முதலில் அண்ணனுக்குத் தெரியும். அவளைப் பொறுத்தவரை தொகை சின்னது; தடம்தான் பெரிது. உறுப்பினர் திட்டம் வகுப்பவர்கள் விலையைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். யார் பெயரில் ரசீது, யார் கையில் போன் என்று அந்த அளவுக்கு யோசிப்பதில்லை. ஒருவர் கட்டிப் பலர் படிப்பதை இழப்பென்று கணக்கு வைக்கிறார்கள். அப்பாயி படித்தது அப்படித்தான்.

இப்போதெல்லாம் நான்கு வரிகளையும் எழுதிவிட்டுச் சாக்பீஸை மாணவிகளிடம் கொடுத்துவிடுகிறேன். ஐந்தாவது வரியை அவர்கள் எழுத வேண்டும். நெரவிப் பெண் எழுதியது: “ஒருவர் கட்டினால் போதும். படிக்கிற எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்.”