ராயபுரத்தில் போட்ட சர்க்கரைக் கணக்கு



லிஃப்ட் அருகே இருவர் சந்தித்தால் "சுகர் எவ்வளவு இருக்கு?" என்பதே இப்போது நலம் விசாரிப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. வாசலில் நிற்பவர்களைத் தடுத்து நிறுத்த முடியுமா? இந்தக் கேள்விக்கு இந்தியர்களை வைத்தே கணக்குப் போட்டு விடை சொன்னது நம் ராயபுரம் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

கதை 1948-ல் தொடங்குகிறது. நம் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே இதுதான் முதல் என்பார்கள். அந்நாளில் இது பணக்காரர் வியாதி என்றே பேச்சு. 1954-ல் அவர் சொந்தமாக மருத்துவமனை தொடங்கினார். மேற்கு மாதா சர்ச் சாலையில் போகும்போது எம்.வி. மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்ச் சாப்பாட்டை அடியோடு மாற்றச் சொல்லாமல், நார்ச்சத்து மிகுந்ததாக அமைத்துக்கொள்ளச் சொன்னவர் அவர்.

இதற்கிடையில் வெளிநாடுகளிலும் ஆராய்ந்தார்கள். சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. அமெரிக்க ஆய்வு 2002-ல் முடிவைச் சொன்னது: உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தன. ஆனால் அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல பருமன் உள்ளவர்கள். எடையைக் குறைப்பதுதான் அங்கே முக்கிய இலக்கு. நமக்கோ ஒல்லியாக இருப்பவருக்கும் வருகிறது, இளம் வயதிலேயே வருகிறது. அந்த வைத்தியம் இங்கே பலிக்குமா என்ற ஐயம் நியாயமானதே.

அதற்குத்தான் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் ராயபுரத்தில் ஆய்வு நடந்தது. வாசற்படி நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். பெரும்பாலும் அலுவலகங்களில் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்தார், சராசரி வயது 46. வங்கி மேசையில் உட்கார்ந்தே காலம் கழித்த எனக்கு, என் சக ஊழியர்களைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது.

அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொன்றுக்குத் தினமும் அரை மணி நேர வேக நடை. சர்க்கரை, எண்ணெய், மைதா போன்றவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டிய உணவு. மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும்.

2006-ல் வெளியான முடிவு இது. மூன்று ஆண்டுகளில், பொது அறிவுரைக் குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவும் கடைப்பிடித்த குழுவில் 39 பேருக்குத்தான். மாத்திரைக் குழுவும் இரண்டையும் சேர்த்த குழுவும் ஏறத்தாழ அதே அளவில் நின்றன. அதாவது, வாசற்படியில் நிற்பவர்களுக்கு நடையும் சாப்பாடும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. இன்னொரு ஆச்சரியம், அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. "நடந்தும் எடை குறையலையே" என்று பாதியில் விட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்தக் கணக்கின் கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. நடந்தவர்களிலும் 39 பேருக்கு வந்ததே! 55-ல் 39 போனால் மீதி 16. அதாவது ஆறேழு பேர் விடாமல் நடந்தால் அந்த மூன்று ஆண்டுகளில் ஒருவர் தப்புகிறார். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஆறேழு பேருமே நடக்க வேண்டியிருக்கிறது. வந்துவிட்டவரைப் பார்த்து "வாயைக் கட்டலை" என்று குறை சொல்லவும் நமக்கு உரிமையில்லை.

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவு 140 முதல் 199 வரை இருந்தால், அதுவே வாசற்படி. மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் சொன்னபடியே தொடருங்கள்.

கண்டெய்னர் லாரி ஓடும் நம் சாலைகளில் நடக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நம் வளாகத்துக்குள் லாரி வருவதில்லை. மாலை ஆறரை மணிக்கு ஏ பிளாக் வாசலில் நிற்பேன். இன்னும் ஐந்தாறு பேர் வந்தால் கணக்கு சரியாகிவிடும்.