காலநிலைத் தொழில்நுட்பப் பரிமாற்றமும் காப்புரிமையும்

பசுங்குடில் வாயுக்களைக் குறைக்கும் எந்திரங்களும் அவற்றைச் செய்யும் அறிவும் வளர்ந்த நாடுகளிலிருந்து வளரும் நாடுகளுக்குப் போய்ச் சேர்வதே காலநிலைத் தொழில்நுட்பப் பரிமாற்றம். 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை இதை வளர்ந்த நாடுகளின் பொறுப்பாக்கியது. 1995இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் உடன்பாடு காப்புரிமைக்குக் குறைந்தது 20 ஆண்டு பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. இரண்டிலும் கையெழுத்திட்டவை பெரும்பாலும் ஒரே அரசுகள்தாம்.

இந்த இரண்டு கடமைகளும் மோதும் சிக்கல் முதலில் தெளிவாக வெளிப்பட்டது ஓசோன் விவகாரத்தில். குளிர்சாதனப் பெட்டிகளுக்கு, ஓசோனைச் சிதைக்கும் சி.எஃப்.சி. வாயுவைத் தயாரித்துவந்த இந்திய நிறுவனங்கள், ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் நெறிமுறையின்படி அதைக் கைவிட்டு எச்.எஃப்.சி-134ஏ போன்ற மாற்று வாயுவுக்கு மாற வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் கேட்ட நிறுவனம் ஒன்றிடம் 2.5 கோடி டாலர் விலை சொல்லப்பட்டது. இல்லையென்றால் கூட்டு நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு, அல்லது ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு. நெறிமுறையின் 1990 லண்டன் திருத்தமோ தொழில்நுட்பத்தைத் தருவதற்கு 'நியாயமான, மிகச் சாதகமான நிபந்தனைகள்' பற்றிப் பேசுகிறது. கடைசியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் சொந்த முயற்சியில் செய்முறையை உருவாக்கிக்கொண்டது. ஓசோனுக்குத் தீங்கில்லாத அந்த வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது என்பதால் 2016இன் கிகாலி திருத்தம் அதற்கும் கடிவாளம் போட்டது.

காப்புரிமையாளரின் இசைவின்றியே பிறர் பயன்படுத்த அரசு அனுமதி தரும், டிரிப்ஸின் 31ஆம் பிரிவு அனுமதிக்கும் கட்டாய உரிமம் இங்கே எவ்வளவு உதவியிருக்கும்? டிரைகுளோரோஎத்திலீனையும் ஹைட்ரஜன் ஃபுளோரைடையும் குரோமிய வினையூக்கியின் மேல் செலுத்தினால் 134ஏ கிடைக்கும் என்பது நூல்களில் உள்ள செய்தி. வினையூக்கி எத்தனை நாள் தாங்கும், குழாய் அரிப்பை எப்படித் தடுப்பது என்பவை ஆலைக்குள்ளேயே இருக்கும் ரகசியங்கள். காப்புரிமையைத் திறந்தாலும் இவை கைக்கு வராது.

விற்பவர் பலராக இருக்கும் துறைகளில் நிலைமை வேறு. 1995இல் தொடங்கிய சுஸ்லான், முன்னணி நிறுவனங்களை விட்டுவிட்டு ஜெர்மனியின் சிறு நிறுவனமான சூட்விண்டிடம் காற்றாலை நுட்பம் பெற்றது. பிறகு அங்கேயே ஆய்வுக்கூடம் வைத்தது. ஜெர்மனியின் காற்றாலை நிறுவனமான எனர்கானும் அதன் இந்தியக் கூட்டாளிகளும் மோதிக்கொண்ட வழக்கில், சென்னையிலிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் எனர்கான் தரப்பின் பல காப்புரிமைகளை ரத்து செய்தது.

மருந்துக் காப்புரிமை விஷயத்தில் 2001இல் தோஹா பிரகடனம் தந்த சலுகையைக் காலநிலைக்கும் தர வேண்டும் என்று 2009 கோபன்ஹேகன் பேச்சுகளில் வளரும் நாடுகள் கேட்டன. 2010இல் கான்குனில் உருவான தொழில்நுட்பப் பொறியமைவு அறிவுசார் சொத்துரிமையைத் தொடவில்லை. 2015 பாரிஸ் உடன்பாட்டின் 10ஆம் பிரிவும் அப்படியே.