ஏஐ மூலம் தரமான உள்ளடக்கம்: 'பிராம்ப்ட்' எழுதும்போது கவனிக்க வேண்டியவை

விண்ணப்பம், விளம்பர வாசகம், பள்ளிக் கட்டுரை, நிறுவன அறிக்கை என எழுத்து சார்ந்த பல பணிகளுக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை நாடுவது நாடு முழுவதும் வழக்கமாகி வருகிறது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. ஜெமினி, கோபைலட், கிளாட் ஆகியவை அதைத் தொடர்ந்தன. ஆயினும் ஒரே செயலி ஒருவருக்குப் பயனுள்ள வரைவையும், மற்றொருவருக்கு வெற்றுச் சொற்களின் அடுக்கையும் தருகிறது. இவ்வேறுபாட்டிற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது, பயனர் தட்டச்சு செய்யும் 'பிராம்ப்ட்' எனப்படும் கட்டளையே ஆகும்.

இச்செயலிகளுக்கு அடித்தளமான பெருமொழி மாதிரிகள், ஏராளமான எழுத்துகளிலிருந்து கற்றவற்றைக் கொண்டு, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து எழுதுபவை. கட்டளையில் சொல்லப்பட்ட விவரங்கள் அக்கணிப்பை ஒரு திசையில் செலுத்துகின்றன. சொல்லாமல் விட்ட இடங்களோ வெற்றிடமாக நிற்பதில்லை. பலரும் எழுதித் தேய்ந்த வாசகங்களால் மாதிரி அவற்றை நிரப்பிவிடுகிறது. சில வேளைகளில் உண்மைபோல் தோன்றும் கற்பனைத் தகவல்களாலும் நிரப்புகிறது.

கர்நாடகத்தின் சென்னபட்ணா மரப்பொம்மைகளை இணையத்தில் விற்க முனையும் ஒரு விற்பனையாளரை எடுத்துக்கொள்ளலாம். "சென்னபட்ணா பொம்மை பற்றி 150 சொற்களில் எழுது" என்று மட்டும் அவர் கேட்டால், பாரம்பரியம், கலைநயம், குழந்தைகளின் மகிழ்ச்சி என எந்த ஊர்ப் பொம்மைக்கும் பொருந்தக்கூடிய ஒரு பத்தி கிடைக்கும். அதில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால், வாங்க வருபவருக்குத் தெரிய வேண்டியது எதுவும் இருக்காது.

அதே விற்பனையாளர் தமக்குத் தெரிந்ததைக் கட்டளையிலேயே தரலாம். பொம்மை வெட்பாலை மரத்தில் கடைசல் பிடிக்கப்படுகிறது. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தும்போது உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிந்து நிறம் ஏறுகிறது. பின்னர் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றப்படுகிறது. பொருளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இவற்றுடன் பொம்மையின் உயரம், எடை, விலை ஆகியவற்றையும் சேர்க்கலாம். வாசிப்பவர் மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர் என்பதையும், நிறம் பாதுகாப்பானதா, உடைந்தால் மாற்றித் தரப்படுமா என்பனவே அவர்களது கேள்விகள் என்பதையும் குறிப்பிடலாம். "தரப்பட்ட விவரங்களை மட்டும் பயன்படுத்து, தெரியாத இடத்தில் 'விவரம் தேவை' என்று எழுது, 'உலகப் புகழ் பெற்ற', 'ஈடு இணையற்ற' போன்ற சொற்களைத் தவிர்" என்ற வரம்பையும் விதிக்கலாம். இப்போது கிடைக்கும் வரைவு முற்றிலும் வேறாக இருக்கும். பாதுகாப்புச் சான்று குறித்த விவரம் தரப்படவில்லை எனில், அந்த இடத்தில் 'விவரம் தேவை' என்ற குறிப்பு நிற்கும். அதை நிரப்ப வேண்டியவர் விற்பனையாளரே.

இந்த இரண்டாவது கட்டளையை எழுத ஏறக்குறைய பத்து நிமிடங்கள் ஆகக்கூடும். எழுத்து வேலையின் கடினமான பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் பலரும் கவனிக்காத செய்தி. யாருக்காக, எதற்காக, எந்தத் தகவலைக் கொண்டு என்பதை முடிவு செய்யும் பொறுப்பை எந்தச் செயலியும் ஏற்பதில்லை. சமூக ஊடகங்களில் விற்கப்படும் 'ஆயிரம் பிராம்ப்ட்' தொகுப்புகளால் பெரும் பயன் கிட்டாததற்கும் இதுவே காரணம்: அவற்றில் வாங்குபவரின் விவரம் இல்லை. "நீ ஓர் உலகத்தர எழுத்தாளர்" என்று தொடங்கும் அலங்காரக் கட்டளைகள் நடையைச் சற்று மாற்றலாம். இல்லாத தகவலை அவை கொண்டுவந்துவிடாது.

விளக்கிச் சொல்வதைவிட மாதிரி காட்டுவது பல நேரங்களில் எளிது. ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஜிபிடி-3 குறித்த ஆய்வுக் கட்டுரை, கட்டளையில் சில எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தாலே மாதிரி தனிப் பயிற்சியின்றிப் புதிய பணிகளைச் செய்யக்கூடும் என்பதைக் காட்டியது. விரும்பும் நடையில் முன்பே எழுதிய இரண்டு மூன்று பத்திகளை இணைத்து, "இதே நடையில் எழுது" எனக் கேட்பது அவ்வழியைச் சார்ந்ததே. நீண்ட கட்டுரைகளுக்கு, எழுதத் தொடங்கும் முன் தேவையான கேள்விகளைத் தன்னிடம் கேட்குமாறு செயலியைப் பணிப்பதும், முதலில் சட்டகத்தை மட்டும் பெற்றுத் திருத்துவதும் வீண் உழைப்பைக் குறைக்கும்.

தகவல்களைப் பொறுத்தவரை எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் சிநெட் இணையதளம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய 77 நிதிக் கட்டுரைகளை மறுஆய்வு செய்து, அவற்றுள் 41-இல் திருத்தம் வெளியிட நேர்ந்தது 2023 ஜனவரியில் தெரியவந்தது. 10,000 டாலரை 3 விழுக்காடு வட்டியில் வைத்தால் ஓராண்டில் 10,300 டாலர் ஈட்டலாம் என்பது அவற்றில் காணப்பட்ட பிழைகளுள் ஒன்று. உண்மையில் கிடைக்கும் வட்டி 300 டாலர் மட்டுமே. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வந்த இணைப்பிதழில், கோடைக்கால வாசிப்புக்கெனப் பரிந்துரைக்கப்பட்ட 15 நூல்களுள் 10 நூல்கள் எழுதப்படவே இல்லை. எழுத்தாளர்களின் பெயர்கள் மட்டும் உண்மையானவை.

சரிபார்க்கும் பணியையும் அதே செயலியிடம் ஒப்படைப்பது எத்தகைய விளைவைத் தரும் என்பதை நியூயார்க் நீதிமன்ற வழக்கு ஒன்று காட்டியது. விமான நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர், அவை உண்மையானவையா என்று அச்செயலியையே கேட்டார். உண்மையானவைதாம் என்று அது பதிலளித்தது. அத்தீர்ப்புகள் எங்குமே இல்லை எனத் தெரியவந்ததை அடுத்து, 2023 ஜூனில் வழக்கறிஞர் தரப்புக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இந்தியாவில் கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வெளியிட்ட கொள்கை, முடிவுகளை எட்டவோ தீர்ப்பு வழங்கவோ இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது எனத் தடை விதித்தது. பெயர், எண், தேதி, மேற்கோள் ஆகிய நான்கையும் மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் வெளியிடுவது எந்தத் துறையிலும் பாதுகாப்பானதன்று.

இணையத் தேடலில் இடம்பெறுவதற்காக எழுதுவோர்க்கு ஒரு செய்தி. உள்ளடக்கம் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதைவிட அதன் தரமே முக்கியம் என்று கூகுள் 2023 பிப்ரவரியில் விளக்கமளித்தது. எனினும், தேடல் தரவரிசையைக் கைப்பற்றும் நோக்கில் பயனற்ற பக்கங்களைப் பெருமளவில் உருவாக்குவதை முறைகேடாகக் கருதும் விதியை 2024 மார்ச்சில் அது கொண்டுவந்தது. நாளொன்றுக்கு நூறு கட்டுரைகள் என்ற ஆசைக்கு இவ்விதி இடம் தருவதில்லை.

தமிழில் எழுதச் சொல்லும்போது வேறொரு சிக்கல் உண்டு. மாதிரிகள் எழுத்தை 'டோக்கன்' எனப்படும் துண்டுகளாகப் பிரித்தே கையாள்கின்றன. இந்திய மொழிச் சொற்கள் ஆங்கிலத்தைவிட மிகுதியான துண்டுகளாக உடைந்துவந்தன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிமுகப்படுத்திய ஓபன்ஏஐ, தமிழில் 116 டோக்கன்கள் தேவைப்பட்ட ஒரு மாதிரி வாசகத்திற்கு இனி 35 போதும் என்று அறிவித்தது. குஜராத்தியில் அது 145-இலிருந்து 33 ஆனது. செலவும் வேகமும் இதனால் மேம்பட்டன. நடை அந்த அளவுக்கு மேம்பட்டதாகச் சொல்ல இயலாது. "இது வெறும் பொம்மை அல்ல, இது ஓர் உணர்வு", "முக்கியப் பங்கு வகிக்கிறது" என ஆங்கில அச்சில் வார்த்த வாக்கியங்கள் இன்றும் மிகுதியாக வருகின்றன. கட்டளையைத் தமிழிலேயே தருவது, எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்பதைத் தெளிவாகக் கூறுவது, துறைச் சொற்களின் பட்டியலை இணைப்பது, நல்ல தமிழ்ப் பத்தி ஒன்றை மாதிரியாகக் காட்டுவது ஆகியவை ஓரளவு உதவும். அதன் பின்னும் வாய்விட்டு ஒருமுறை படித்துத் திருத்துவதற்கு மாற்று இல்லை.

விவரங்களைத் தாராளமாகத் தர வேண்டும் என்பது எல்லா விவரங்களுக்கும் பொருந்தாது. அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற செயலிகளைத் தவிர்க்குமாறு மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அரசு ஆவணங்களின் ரகசியத்தன்மை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், ஆதார் எண், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றைக் கட்டளையில் சேர்க்காமல், 'வாடிக்கையாளர் 1', 'எண் அ' போன்ற குறியீடுகளை இட்டு வரைவைப் பெறலாம்; உண்மை விவரங்களைத் தம் கணினியில் இறுதிப் படியில் நிரப்பிக்கொள்ளலாம்.