வித்தும் விளைவும் வரியும்

தாய்லாந்தின் வடகிழக்கே, உபோன் ராச்சத்தானி மாகாணத்தின் வடபாகத்தில், திரக்கான் புட்போன் என்றொரு மாவட்டம் உண்டு. அப்பெயரின் ஈற்றுச் சொற்கள் நமக்கு அந்நியமானவையல்ல. வடமொழியின் பீஜமும் பலமுமே தாய் மொழியில் அவ்வாறு திரிந்துள்ளன. வித்தும் விளைவும் சிறந்து விளங்கும் இடம் என்பது பொருள். ஆயின், பெயர் சொல்லும் செழுமையை மண் தந்ததில்லை.

கோராட் பீடபூமியைச் சேர்ந்த இப்பகுதியின் நிலம் மணற்பாங்கானது. நீரைத் தாங்கிவைக்கும் ஆற்றல் குறைந்தது. மே முதல் ஒக்டோபர் வரை பெய்யும் பருவமழையே உழவரின் வாழ்வு. செபோக் என்னும் சிற்றாறு தெற்கே ஓடி மூன் நதியிற் கலக்கிறது. மூன் நதி மீக்கொங்கைச் சேர்கிறது. மக்கள் பெரும்பாலும் லாவோ மொழி வழங்குவோர்; ஒட்டரிசிச் சோறு உண்போர்; தேரவாத பௌத்தர். மீக்கொங்கின் இருகரையிலும் இவர்தம் உறவினரே வாழ்ந்திருக்க, 1893இல் பிரான்சு இடக்கரையைச் சியாமிடமிருந்து பறித்தது. எஞ்சிய வலக்கரையை இறுகப் பிடித்துக்கொள்ள பாங்கொக் அரசு முற்பட்டது.

அதற்கு அது கண்ட கருவியே நிர்வாகச் சீர்திருத்தம். 1892 முதல் 1915 வரை உள்நாட்டு அமைச்சராயிருந்த தம்ரொங் இளவரசர், பரம்பரைச் சிற்றரசர்களின் அதிகாரத்தை ஒடுக்கி, ஊதியம் பெறும் அதிகாரிகளை அனுப்பினார். 1897ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்துக்கு ஒரு தலைவரையும், கிராமங்கள் பல சேர்ந்த தம்போனுக்குக் கம்னான் ஒருவரையும் ஏற்படுத்தியது. வரலாற்று நூல்கள் இதனைப் போற்றுகின்றன. உழவனின் வாசலுக்கோ அது தலைவரியாகவே வந்தது: ஆண்டுக்கு 4 பாட். பணப்புழக்கமே அரிதான நாட்டில், நெல் விளைவிப்பவன் வெள்ளிக்கு எங்கே போவான்?

1901இல் விந்தையான தீர்க்கதரிசனம் ஒன்று ஊர்தோறும் பரவியது. சரளைக்கல் பொன்னாகும், பொன்னும் வெள்ளியும் கல்லாகும், அறவரசன் ஒருவன் தோன்றுவான் என்றனர். மூடநம்பிக்கை என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், வெள்ளி கேட்டு வாட்டும் அரசின்கீழ் நலிந்தவன், வெள்ளி மதிப்பிழக்கும் நாளைக் கனவு கண்டதில் வியப்பென்ன? இயக்கத் தலைவர்களை மக்கள் 'புண்ணியம் உடையோர்' என்றனர். அரசுத் தரப்போ 'புண்ணியப் பேய்கள்' என்று இகழ்ந்தது.

1902 மார்ச்சில், ஒங் மான் என்பவரின் தலைமையில் திரண்டோர் மீக்கொங் கரையிலுள்ள கேமராட் நகரைத் தாக்கித் தீயிட்டனர். உபோன் நோக்கிப் புறப்பட்டவர்கள் இம்மாவட்டத்துச் சபூ கிராமத்தில் தங்கினர். ஏப்ரல் 4ஆம் நாள் அரசபடை அவர்களைப் பீரங்கி கொண்டு எதிர்கொண்டது. மந்திரங்கள் குண்டுகளைத் தடுக்கவில்லை. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். ஒங் மான் தப்பினார்.

தலைவரி 1939இல்தான் ஒழிக்கப்பட்டது. 1914ஆம் ஆண்டின் உள்ளூர் நிர்வாகச் சட்டமோ, திருத்தங்களுடன் இன்றும் நிலைத்திருக்கிறது. மாகாண ஆளுநரும் மாவட்ட அதிகாரியும் பாங்கொக்கின் நியமனத்தாலேயே வருகின்றனர். கிராமத் தலைவரை மக்களும், கம்னானைக் கிராமத் தலைவர்களும் தெரிவுசெய்யினும், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவர்கள் 60 வயதுவரை பதவியிலிருக்கலாம். அவர்கள் பணிபுரிவது உள்நாட்டு அமைச்சின் ஆணைக்கு. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம்போன் நிர்வாக அமைப்புகள் உருவாயின. 2003இல் அவற்றின் தலைவரை மக்களே நேரிற் தெரிவுசெய்யும் உரிமை சட்டமாயிற்று. 2014இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. தம்போன் மக்கள் மீண்டும் வாக்களிக்க 2021 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

கிளர்ச்சியை அடக்கிய அரச ஆணையாளர் சன்பசித்திபிரசொங் இளவரசரின் பெயரை உபோன் நகரின் பெரிய மருத்துவமனை தாங்கி நிற்கிறது. சபூவில் மாண்டவர்களை வரலாறு ஓர் எண்ணாக மட்டுமே அறியும். அதுவும் 'ஏறத்தாழ' என்ற அடைமொழியுடன். தம்மை ஆள்பவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதே அன்று அவ்வுழவர் எழுப்பிய வினா. அவர்கள் அதனை மந்திர மொழியிற் கேட்டனர். அவர்தம் கொள்ளுப்பேரர் வாக்குச்சீட்டிற் கேட்கின்றனர். விடை இன்னும் முழுமையாகக் கிடைத்தபாடில்லை.