பளிங்குக் கல்லும் பள்ளிக்கூடமும்

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படுவது கரும்பலகை அல்ல, பளிங்குக் கல். இன்னாருடைய பேரரும் இன்னாருடைய குமாரருமான இன்னார் இந்தக் கட்டடத்தைக் கட்டி வைத்தார் என்றும், இன்ன வருஷம் இன்ன தேதியில் இன்ன பிரமுகர் திறந்து வைத்தார் என்றும் அதில் பொறித்திருக்கும். நிலமும் நெல்லும் நந்தா விளக்குக்கு ஆடும் கொடுத்தவர்களின் பெயரைக் கோயிற் சுவரில் வெட்டி வைத்த நாடல்லவா இது! அந்த வழியில் வந்த கல்தான் இதுவும். கொடுத்தவர் பெயரை மறக்காமல் இருப்பது நல்ல குணமே. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதுங்கள் என்று ஒருவரிடம் காகிதத்தை நீட்டினால், கல்லில் இருப்பது நாலு வரிக்கு மேல் காணாது. மீதியை எங்கிருந்து எடுப்பது?

இந்தக் கேள்வி இன்றைக்கு ஆயிரக் கணக்கானவர்களுக்கு எழுந்திருக்கிறது. காரணம், விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம். 2001-ஆம் வருஷம் ஆங்கிலத்தில் தொடங்கிய அது, 2003 முதல் தமிழிலும் நடக்கிறது. யாரும் எழுதலாம், எழுதியதை யாரும் திருத்தலாம். படித்த பள்ளியைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வைக்க ஆசைப்படாத மனிதர் உண்டா? பழைய மாணவர் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். தலைமை ஆசிரியரின் கண்டிப்பு, வேப்பமரத்து நிழல், பந்தாட்டத்தில் வாங்கிய கோப்பை, 'தென்னாட்டிலேயே தலைசிறந்த பள்ளி' என்ற பட்டம் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. மறுநாள் பார்த்தால் முக்கால் கட்டுரையைக் காணோம்! எங்கோ இருக்கும் முகந்தெரியாத ஒருவர், 'ஆதாரம் இல்லை' என்று நீக்கிவிட்டிருக்கிறார். இவருக்குக் கோபம் பொங்குகிறது. "என் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னைவிட அவனுக்கு என்ன தெரியும்?"

கோபம் இயற்கைதான். ஆனால் நீக்கியவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

அச்சிட்ட களஞ்சியங்களின் காலத்தில் இந்தச் சச்சரவுக்கு இடமே இல்லை. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902-ல் வந்தது. சென்னையில் தமிழ்ப் பண்டிதராக இருந்த சிங்காரவேலு முதலியார் பல காலம் தனியொருவராகப் பாடுபட்டுத் தொகுத்த அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் துணையால் 1910-ல் வெளியாயிற்று. பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தைக் கொண்டு வந்தார்கள். முதலியாரும் வாத்தியார், தூரனும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அப்படியிருந்தும் உலகம் முழுவதையும் பத்துத் தொகுதிக்குள் அடைக்கும்போது, ஒவ்வோர் ஊர்ப் பள்ளிக்கும் பக்கம் ஒதுக்க முடியுமா? 'இடம் இல்லை' என்றால் யாரும் வருந்தமாட்டார்கள்.

இணையத்தில் அந்தச் சாக்கு செல்லாது. அங்கே காகிதப் பஞ்சம் கிடையாது. ஆகவே வேறொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: 'இதற்கு வெளியார் சாட்சி உண்டா?' பள்ளி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது ஆரம்பித்த வருஷம், கட்டடங்களின் எண்ணிக்கை போன்ற சாதாரண விவரங்களுக்கு ஆகும், பெருமைக்கு ஆகாது. பெண்ணின் குணத்தைப் பெண்ணைப் பெற்றவரிடமே விசாரிக்கிறவர் உண்டா? ஆங்கில விக்கிப்பீடியாக்காரர்கள் 2017-ஆம் வருஷம் பெரிய விவாதம் நடத்தி, உயர்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது என்பதற்காக மட்டும் அதற்குத் தனிக் கட்டுரை கிடைத்துவிடாது என்று முடிவு கட்டினார்கள். பள்ளியோடு சம்பந்தமில்லாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதி அச்சில் வந்திருக்க வேண்டும்.

காரைக்குடியிலேயே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோட்டையூரில் 1909-ல் பிறந்து 1957-ல் மறைந்த அழகப்பச் செட்டியாரைப் பற்றி என்ன எழுதலாம்? 1947-ல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இவை ஒவ்வொன்றுக்கும் சாட்சி உண்டு. 'கலியுகக் கர்ணன்' என்று எழுதினால்? அது நம்முடைய அன்பைக் காட்டுகிறது. அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. 300 ஏக்கர் என்ற எண்ணே கர்ணனை நினைவூட்டிவிடுகிறதே!

இன்னொரு சங்கடம், புகழ் பெற்ற மாணவர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அமராவதிபுதூர் குருகுலப் பள்ளியில் கண்ணதாசன் எட்டாம் வகுப்பு வரை படித்தார். இது அந்தப் பள்ளியின் கட்டுரையில் இருக்க வேண்டிய செய்தி. ஆனால் கண்ணதாசன் படித்ததால் மட்டும் ஒரு பள்ளி பெரிய பள்ளி ஆகிவிடுமா? மகிபாலன்பட்டியில் பிறந்த பண்டிதமணி கதிரேசச் செட்டியார் திண்ணைப் பள்ளியில் படித்தது சில மாதங்களே. அவர்தாம் பின்னால் வடமொழியிலிருந்து மண்ணியல் சிறுதேரைத் தமிழாக்கினார், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார், மகாமகோபாத்தியாயர் ஆனார். அந்தச் சில மாதத் திண்ணை அவருடைய புலமைக்கு உரிமை கொண்டாட முடியுமா? களஞ்சியக்காரர்கள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். புகழ் வாரிசுச் சொத்து அல்ல. மாணவரிடமிருந்து பள்ளிக்கு அது தானாக இறங்காது. பாகப் பிரிவினையில் தேர்ந்த செட்டிநாட்டாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. சாட்சியே விட்டுவைக்காதவர்கள் விஷயத்தில்தான் அது நெஞ்சை உறுத்துகிறது.

'கொண்டுவிற்க'க் கப்பலேறிய செட்டிநாட்டுப் பிள்ளைகள் பர்மாவிலும் மலேயாவிலும் பெட்டியடிப் பையன்களாக உட்கார்ந்து வட்டிக் கணக்குப் போட்டார்களே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? திண்ணையிலிருந்து. மணலில் விரலைப் பிடித்து எழுதச் செய்து, எண்சுவடியும் நெல்லிலக்கமும், காணியும் முந்திரியும் தலைகீழாய் ஒப்பிக்க வைத்த ஒரு வாத்தியாரிடமிருந்து. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கணக்கெடுத்தவர்கள் இல்லாமலில்லை. 1822-ல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாக் கலெக்டர்களிடம் நாட்டுப் பள்ளிகளின் விவரம் கேட்டார். அப்போது சிவகங்கைச் சீமை மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. ராஜதானி முழுவதிலுமிருந்து வந்த பதில்களைக் கூட்டி 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர்கள் என்று காண்கிறது. அவர்களில் பெண்கள் 4,540 பேர். பையன் எத்தனை, பெண் எத்தனை, எந்த ஜாதிக்கு எத்தனை என்று கட்டம் கட்டி நிரப்பினார்கள். வாத்தியார் பெயரை எழுதக் கட்டம் இல்லை! பளிங்குக் கல்லில் பெயர் உண்டு, பிள்ளைகள் இல்லை. சர்க்கார்ப் படிவத்தில் பிள்ளைகள் உண்டு, பெயர் இல்லை.

அதற்கும் முந்திய கதை ஒன்று. சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம்மவர் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனையே சிறுவர்களுக்கு ஆசானாக அமர்த்தினார். நம் திண்ணைகளில் இருந்த சட்டாம்பிள்ளையைப் போலத்தான். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தெங்கும் அது பரவிற்று. பெல்லின் பெயர் களஞ்சியங்களில் இருக்கிறது. அந்த எட்டு வயதுப் பையன் பெயர்கூட இருக்கிறது. மணலைப் பரப்பிய நம் ஊர் வாத்தியார் யார்?

பெயர் இல்லாமற் போனது ஒரு துக்கம். பள்ளிக்குள்ளேயே வர முடியாமற் போனது அதைவிடப் பெரிய துக்கம். 1931-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின் தலைமை அதிகாரியாக இருந்த ஹட்டன், ஜாதிகளைப் பற்றி எழுதிய நூலில், 1930-லும் 1931-லும் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள்மீது விதித்த தடைகளை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று போகும் அந்த வரிசையில், அவர்கள் குழந்தைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார்களின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பதும் ஒன்று. காரைக்குடியும் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது; சிவகங்கை ஜில்லா பிரிந்தது 1985-ல். ஆகையால் இந்தப் பக்கத்துப் பழைய பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதுகிறவர், கதவு எந்த வருஷம் திறந்தது என்று எழுதினால் மட்டும் போதாது. யாருக்கு எந்த வருஷம் திறந்தது என்றும் எழுத வேண்டும். முதல் பெண் எப்போது சேர்ந்தாள்? முதல் அரிஜனக் குழந்தை எந்த வருஷம் உள்ளே வந்து, எந்த இடத்தில் உட்கார்ந்தது? அபிஷேகத்துக்குப் பால் மட்டும் போதும் என்கிற மாதிரிப் புகழை மட்டும் கொட்டினால், அது வரலாறு ஆகாது.

நான் கதை எழுதுகிறவன். வேப்பமரமும், மணியடிக்கும் கிழவரும், பிரம்பை ஒளித்து வைத்த பையனும்தான் எனக்கு வேண்டும். களஞ்சியம் அவற்றை வெளியே தள்ளுகிறதே என்று எனக்கு வருத்தம் இல்லை. அவை கதைக்கு வரட்டும். இன்று பணியில் இருக்கும் ஆசிரியரின் வீட்டு விஷயம், தண்டனை பெற்ற சிறுவனின் பெயர், இந்த வருஷத்துச் சம்பள விகிதம் இவையும் வெளியே நிற்க வேண்டியவைதாம். ஆனால் பள்ளியின் கதவு யாருக்குத் திறந்தது என்பதை வெளியே நிறுத்த முடியாது. சாட்சி இல்லையென்றால் சட்டத்தைத் தளர்த்துவது வழியல்ல. தளர்த்தினால் முதலில் உள்ளே ஓடி வருவது 'தலைசிறந்த பள்ளி'தான். சாட்சியைத் தேடுவதே வழி.

அந்தச் சாட்சி பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. தலைமை ஆசிரியர் அறையின் மர பீரோவில், கரையான் தின்றது போக மிஞ்சிய சேர்க்கைப் பதிவேடு இருக்கும். ஆய்வாளர் வந்து எழுதிவிட்டுப் போன குறிப்பு இருக்கும். அதை அப்படியே களஞ்சியத்தில் சாட்சியாக ஏற்றமாட்டார்கள். யாராவது பொறுமையாக ஆராய்ந்து, பேரும் வருஷமும் எண்ணிக்கையும் சரிபார்த்து, ஒரு நூலாகவோ பத்திரிகைக் கட்டுரையாகவோ அச்சில் கொண்டுவர வேண்டும். நூற்றாண்டு விழா எடுக்கும் பள்ளிகள், அடுத்த பளிங்குக் கல்லுக்குச் சொல்லிவிடும் முன்பு அந்தப் பீரோவை ஒரு முறை திறந்து பார்த்தால் நல்லது. கல் காத்திருக்கும், கரையான் காத்திராது.