வேலி ஆருடையது?

2022 பெப்ரவரியில் யூனிஸ் புயல் அடித்த அன்று எங்கள் வீட்டுப் பின்வளவு வேலி சரிந்து, பக்கத்து வீட்டு ஐரிஷ் கிழவரின் ரோசாச் செடிகளுக்கு மேல் விழுந்து கிடந்தது. லண்டனுக்கு வெளியே இந்த வீட்டை வாங்கிப் பதினெட்டு வருசம். அன்றுதான் முதன்முதலாக எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்த வேலி ஆருடையது?

நண்பர்களுக்குப் போன் போட்டேன். "வீட்டைப் பார்த்து நிண்டா இடப்பக்க வேலி எங்கட, வலப்பக்கம் அவையின்ர" என்றார் ஒருவர். "நல்ல பக்கம் ஆருக்குத் தெரியுதோ அவையின்ர இல்லை, மற்றவையின்ர" என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்களும் இதை நம்பிக்கொண்டிருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்துச் சட்டம் வேலியின் உயரத்தில் மட்டும் கறார். 2015ஆம் ஆண்டின் திட்டமிடல் ஆணைப்படி, வாகனம் ஓடும் தெருவை ஒட்டிய வேலி 1 மீற்றர் வரை போகலாம். மற்ற இடங்களில் 2 மீற்றர். அதைத் தாண்டினால் கவுன்சிலிடம் அனுமதி எடுக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றால் விதி வேறு. சில இடங்களில் வீட்டைக் கட்டி விற்ற கொம்பனியே உறுதியில் "முன்வளவில் வேலி போடக் கூடாது" என்று எழுதிவிட்டிருக்கும். ஆகவே பலகை வாங்க முதல் உறுதியை ஒருக்கால் வாசியுங்கள். அதிலுள்ள வரைபடத்தில் எல்லைக் கோட்டில் ஆங்கில 'ரீ' எழுத்து மாதிரி ஒரு குறி இருந்தால், அது எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்தார் பெரும்பாலும் அந்த வேலிக்குப் பொறுப்பு. எங்கள் படத்தில் அப்படி ஒரு குறியும் இல்லை.

சரி, எல்லையாவது எங்கே ஓடுகிறது? காணிப் பதிவகத்தில் படத்தை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு அழகாக ஓடுகிறது. ஆனால் படம் 1:1250 அளவு. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் நிலத்தில் ஒண்டேகால் மீற்றர்! அது 'பொது எல்லை' மட்டுமே, சரியான கோட்டை அது சொல்லாது என்று சட்டமே சொல்கிறது.

இவ்வளவு ஒழுங்கு பார்க்கிற வெள்ளைக்காரன் இதை மட்டும் ஏன் இப்படி விட்டான்? தேடிப் பார்த்ததில் ஒரு கதை கிடைத்தது.

1862இல் இங்கிலாந்தில் காணிப் பதிவுச் சட்டம் வந்தபோது எல்லையைத் துல்லியமாகத் தீர்மானித்த பிறகுதான் பதிவு என்று வைத்தார்கள். அதற்குப் பக்கத்துக் காணிக்காரருக்கெல்லாம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் போனதும், அதுவரை சும்மா இருந்தவர்களும் சண்டைக்கு வந்தார்கள். செலவு கூடியது, பதிவு செய்ய ஆட்கள் வரவில்லை. 1870இல் அரச ஆணைக்குழு இதைக் குறையாகச் சுட்டிக் காட்டியது. 1875இல் வந்த புதுச்சட்டம் துல்லிய எல்லையைக் கைவிட்டது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலும் அதே பொது எல்லைதான். விரும்பினால் துல்லியமாக்க விண்ணப்பிக்கலாம், கட்டாயமில்லை.

அதாவது, கோடு எங்கே என்று கேட்கப் போனால்தான் சண்டை வருகிறது என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். எங்களுக்கு இது புதிதா என்ன?

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கு. அப்பாவின் வளவுக்குக் கிழக்கே பெரியப்பாவின் வளவு. நடுவில் கிளுவைக் கதியால் வேலி, கிடுகு அடைப்பு, போய்வர ஒரு பொட்டு. ஒரு மாரிக்குக் கதியால் மாற்றும்போது அப்பா அரையடி தள்ளி நட்டார் என்று பெரியப்பா சொன்னார். அப்பா இல்லையென்றார். அடுத்த கிழமை பொட்டு அடைபட்டது. வழக்கு, தவணை, அப்புக்காத்துக் காசு... ஒன்பது வருசம் இருவரும் பேசவில்லை. அக்காவும் நானும் மட்டும் பங்குக் கிணற்றடியில் நின்று களவாகக் கதைப்போம்.

1990 ஆனியில் எல்லாரும் ஓடினோம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு சீலைதான் மறைப்பு. மூன்றாம் நாள் பெரியப்பா சீலையை விலக்கி அப்பாவுக்குத் தேத்தண்ணி நீட்டினார். இருவரும் அந்த வளவைப் பிறகு பார்க்கவேயில்லை.

2018இல் எங்கள் பக்கம் ஒரு பகுதி விடுபட்டதும் நான் உறுதியோடு போனேன். வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைதான். சேவையர் உறுதியை வாங்கிப் படித்தார். காணிப் பெயர், இத்தனை பரப்பு, "கிழக்கு" என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர். பெரியப்பாவின் உறுதியில் "மேற்கு" என்ற இடத்தில் அப்பாவின் பெயராம்.

"எல்லைக்காரர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

ஆரும் இல்லை. ரொறன்ரோவில் இருந்த அக்காவை நித்திரையால் எழுப்பினேன். "கிணத்தைப் பார் தம்பி. வேலி கிணத்துக்கு நடுவாலதான் போனது. துலாக்கால் எங்கட பக்கம்" என்றா. பற்றைக்குள் கிணறு இருந்தது. கட்டு உடைந்து, தூர்ந்துபோய். அதிலிருந்துதான் அளந்தோம். அரையடிக் கணக்கை அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கேயும் இங்கேயும் எல்லைக்குக் கடைசிச் சாட்சி பக்கத்து வீட்டுக்காரர்தான். உறுதியில் அவர்களின் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். அவர்களோடு பேசாமல் இருந்துவிட்டு, அவர்களும் போன பிறகு எல்லையைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

அந்த நினைப்போடுதான் புயலுக்கு அடுத்த நாள் ஐரிஷ் கிழவரின் கதவைத் தட்டினேன். வேலி ஆருடையது என்று அவருக்கும் தெரியாதாம். செலவு பாதி பாதி, பழைய தூண் நின்ற குழியிலேயே புதுத் தூண், உயரம் 1.8 மீற்றர். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டோம். வீட்டை விற்கும்போது பிள்ளைகளுக்கு உதவும்.

பொட்டு ஒன்று வைப்போமா என்று கேட்க நினைத்தேன். ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.