பால்மனையும் வடிதுணியும்

1901, 1902 ஆண்டுகளில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் நீலகிரியில் தங்கித் தோடர் வாழ்வை ஆராய்ந்தார். 1906இல் வெளிவந்த அவரது பெருநூலில் பல இயல்கள் ஒரே வேலையைப் பற்றியவை. எருமையைக் கறத்தல், பாலை உறையவிடுதல், கடைதல், வெண்ணெயை உருக்குதல் என்பதே அவ்வேலை. ஆயர் எவரும் நாள்தோறும் செய்வதுதான். தோடரோ அதனையே தம் சமயமாக்கிக் கொண்டனர்.

அவர்தம் மந்துகளில் புனித எருமைகளின் பாலுக்கென்று தனி மனை உண்டு. கோயிலும் அதுவே, பால்மனையும் அதுவே. எருமையையும் கறந்த பாலையும் தீண்டும் கலங்கள் உள்ளே ஓரிடத்திலும், வெளியார்க்குச் செல்லும் மோரையும் வெண்ணெயையும் ஏற்கும் கலங்கள் வேறிடத்திலும் இருக்கும். உயர்நிலைப் பால்மனைகளில் இவ்விரு வகையும் ஒன்றையொன்று தொடலாகாது. இடையே மூன்றாவது கலம் ஒன்று நின்று பொருளை மாற்றித் தரும். மாலையில் விளக்கேற்றுங்கால் பால்மனையாளர் எருமைகளின் பெயர்களையும் புனித இடங்களின் பெயர்களையும் ஓதி, கன்றுகள் நலமுற வேண்டும், புலி அணுகாதிருக்க வேண்டும், புல்லும் நீரும் பெருக வேண்டும் என வேண்டுவார்.

எல்லாவற்றினும் உயர்ந்த பால்மனையின் பூசகர்க்கு விதிகள் இன்னும் கடியன. அவர் மனைவியைப் பிரிந்து துறவியைப் போல வாழ வேண்டும். தம் இல்லத்திற்குச் செல்லலாகாது. ஆற்றைப் பாலத்தின் வழியே கடத்தல் கூடாது. முடியையும் நகத்தையும் களைதல் கூடாது. இத்தனையும் பால் கடையும் ஒருவர்க்கு! சமண முனிவர் ஒழுக்கத்தை அறிந்தவர்க்கு இப்பட்டியல் முற்றும் அயலாகத் தோன்றாது.

எனினும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதிய மற்றொரு செய்தியும் உண்டு. ஒவ்வொரு மந்துக்கும் வாரத்தில் சில நாள்கள் விலக்கு நாள்கள். அன்று பொருளோ பணமோ மந்தின் எல்லையைத் தாண்டுதல் ஆகாது. தேவைப்பட்டோர் முதல் நாளே பணத்தை எல்லைக்கு அப்பால் வைத்துவிட்டு, விலக்கு நாளில் வெறுங்கையராய்ச் சென்று எடுத்துக்கொண்டனர். விதி மீறப்படவில்லை, காக்கப்பட்டதாகவும் சொல்லுதற்கில்லை. நோன்பு நோற்கும் குடும்பங்கள் அனைத்தும் இத்தகைய சூழ்ச்சியை எங்கேனும் கண்டிருக்கும்.

தோடர் மரபாகப் புலால் உணவைப் பெரிதும் தவிர்த்தவர். ஆயினும் ஈமச்சடங்கில் எருமைகளைப் பலியிட்டனர். முற்காலத்தில் பல எருமைகள் மாண்டன. பின்னர் ஆங்கில ஆட்சி அவ்வெண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தது. சமணரும் தோடரும் வேறுபடும் இடம் இதுவே. பால்மனையின் விதிகள் கலத்தின் தூய்மையைக் காக்க எழுந்தவை. சமண இல்லறத்தின் விதிகள் கலத்துள் கிடக்கும் உயிரைக் காக்க எழுந்தவை.

நடத்தலையே எடுத்துக்கொள்ளலாம். ஐவகைச் சமிதிகளுள் முதலாவதாகிய ஈரியாசமிதி, முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி அடியெடுத்து வைக்குமாறு முனிவரைப் பணிக்கிறது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனுக்கும் கண்ணகிக்கும் மதுரை வழியின் அருமையைச் சொல்லும்போது, வயல் வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் துன்புறும் என்பதையும் ஓர் இடராகக் கூறுகிறார். வழிச்செல்வோர்க்கு வரும் இன்னல்களோடு, வழிச்செல்வோரால் விளையும் இன்னலையும் அவர் எண்ணிப் பார்த்தார்.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு இல்லறத்தார்க்குரிய விரதங்களை வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஒன்றாகிய சாமாயிகத்திற்கு வழக்கில் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்கள். பழங்கணக்கில் இரண்டு நாழிகை. இரவுண்ணாமையும் நாளின் ஓட்டத்தையே நோன்பாக்குவது. விளக்கொளியில் விழும் சிற்றுயிர்களுக்கு அஞ்சிக் கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது சமதளத்து ஊர்களில் எளிது. மூடுபனி சூழும் உதகையிலும் குன்னூரிலும் அந்தி சாய்வதைக் கண்ணால் காண்பது பல நாள் அரிது. அங்கே பஞ்சாங்கமும் கடிகாரமுமே துணை.

நீர் வடித்தல் இவை அனைத்தினும் நுண்ணிய வழக்கம். மடித்த தடித்த துணியில் நீரை வடித்தபின் அத்துணியில் தங்கியதை எறிந்துவிடுதல் கூடாது. வடித்த நீரையே துணியின் மறுபுறம் ஊற்றி, ஒட்டியுள்ள சிற்றுயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுக்கப்பட்டதோ அந்தக் கிணற்றிலேயே, உயரத்திலிருந்து கொட்டாமல், மெல்ல விட வேண்டும். ஒரு நீர்நிலையின் உயிர் மற்றொன்றில் வாழாது என்பது இதன் கருத்து. தோடர் பால்மனைக்குள் பெண்டிர் நுழைதல் விலக்கப்பட்டது. இங்கோ இவ்விரதம் தலைமுறை தலைமுறையாகப் பெண்டிர் கையிலேயே நின்றது. பூசகர் இன்றி, மந்திரம் இன்றி, குடமும் துணியும் கொண்டு அவர்கள் இதனைக் காத்தனர்.

1819இல் ஜான் சல்லிவன் மலையேறிய பின்னர் நீலகிரி வேறு மலையாயிற்று. புல்வெளிகள் தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகை மரத்துக்கும் இடமாயின. மேய்ச்சல் குறைய எருமைகளும் குறைந்தன. உயர்நிலைப் பால்மனைகள் சென்ற நூற்றாண்டில் வழக்கொழிந்தன. ஏனைய மந்துகள் சிலவற்றில் பால்மனைகள் இன்றும் உள்ளன. உதகையை அடுத்த முத்தநாடு மந்தின் கூம்பு வடிவப் பால்மனை அவற்றுள் புகழ்பெற்றது. மந்தை இல்லாத இடத்தில் அச்சமயம் நிற்க இயலவில்லை.

வடிதுணிக்கு மந்தை வேண்டா. ஆனால் கிணறு வேண்டும். குழாய் நீர் வந்த இல்லங்களில் துணியின் இடத்தை இயந்திர வடிகட்டி பிடித்தது. குடிப்பவரின் நலத்தை அது நன்றாகவே காக்கிறது. துணியில் தங்கிய உயிரைத் திரும்பச் சேர்க்கும் இரண்டாம் பாதிக்கு அதில் வழியில்லை. குழாயின் மறுமுனை எந்த ஏரியில் உள்ளது என்பதையே பலரும் அறியார். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் இன்னும் கிணறுள்ள சில இல்லங்களிலேனும் அவ்விரண்டாம் பாதியைச் செய்து காட்டவல்ல மூதாட்டியர் இருக்கக்கூடும்.